படியில் நிற்கும் மகனுக்கு

கண்ணா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அப்பாவும் திரும்பத் திரும்பக் கேட்டோம். முதல் தடவை உன் குரலைக் கேட்கிற சந்தோஷத்தில் விஷயமே காதில் ஏறவில்லை. அடுத்த தடவை அப்பா சட்னிக்கு மிக்சியைப் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் புரிந்தது. "அம்மா, நீ சொன்னா பவித்ரா கேட்பா. ஜவ்வாது மலை கவர்மென்ட் ஸ்கூல் வேலையெல்லாம் வேணாம்னு சொல்லு. கல்யாணம் ஆனதும் சென்னைக்கே வந்துடட்டும். இங்க ஒரு பிரைவேட் ஸ்கூல்ல பேசி வெச்சிருக்கேன்" என்றாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வூட்ல ஒரு டீச்சர் போதும்மா" என்றும் சொன்னாய். இதற்குப் பதிலை நானும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்றால் நான் ஆரம்பிக்கும்போதே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளை உட்காரவைத்தவள் நான், நீயும் கொஞ்ச நேரம் உட்கார்.

முதலில் ஒரு சின்னப் பஞ்சாயத்து இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன். ரிசப்ஷனுக்கு மண்டபம் சுலபமாகக் கிடைத்துவிட்டது, வாடகைகூட கம்மி என்று பெருமையாகச் சொன்னாயே, காலண்டரைப் பார்த்தாயா? அன்றைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று மண்டபம் கிடைக்கும், விருந்தாளிதான் வந்து சேரமாட்டான். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். உன் மாமனார் வீட்டுக்காரர்கள் பட்டுப்புடவையும் நகையுமாகக் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, மலையைச் சுற்றி முடித்து, புண்ணியத்தோடு மண்டபத்துக்கு வரும்போது பந்தி முடிந்திருக்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் பண்ணுகிற வேலையா இது? "எல்லாம் சென்னைத் தண்ணி" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மண்டபக்காரரிடம் பேசித் தேதியை மாற்றியாகிவிட்டது, நீ கவலைப்படாதே.

நாங்களெல்லாம் பௌர்ணமியைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடமே நடத்துகிறோம். நீ படித்த அதே பள்ளிதான், கிரிவலப் பாதைக்குப் பின்தெரு. பிள்ளைகளின் அப்பா அம்மா பாதி பேர் அந்தப் பாதையில் கடை போடுகிறவர்கள். கற்பூரம், பூ, தண்ணி பாட்டில், வேகவைத்த வேர்க்கடலை. பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பில் ஒரு தலை நிமிர்ந்திருந்தால் ஆச்சரியம். அன்றைக்கு நான் கணக்கு எடுப்பதில்லை, கதைதான். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி ஒருமுறை சரியாக அந்த நாளில் பார்வைக்கு வந்துவிட்டார். "இன்னா டீச்சர், கிளாஸே தூங்குது?" என்றார். "நேத்து பௌர்ணமி சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் குரல் கேட்டு முன்வரிசையில் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். ஆந்திராவிலிருந்து வந்த பக்தர் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, "சார், நீள்ளு காவாலா?" என்று தெலுங்கில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அதிகாரி சிரித்த சிரிப்பில் மொத்த வகுப்பும் எழுந்துவிட்டது. அவர் கேட்க வந்ததை மறந்துவிட்டு, அவனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கல்வித் துறையில் மாற்றம் மாற்றம் என்று பேசுகிறார்களே, அதில் நான் முங்கி எழுந்தவள். முதலில் பாட அட்டைகள் வந்தன. பிள்ளைகள் அவரவர் அட்டையை எடுத்துத் தாமே படித்தார்கள். புத்தகத்தை மூன்று பருவமாகப் பிரித்தார்கள், பையின் கனம் குறைந்தது, பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்தது. அட்டை போய் ஆப் வந்தது. வருகைப் பதிவு போட வேப்பமரத்தடியில் சிக்னலைத் தேடிக்கொண்டு நான் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற கோலத்தைப் பார்த்து, டீச்சர் சூரிய நமஸ்காரம் செய்கிறார் என்று ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். காலைச் சாப்பாடு வந்தபிறகு தாமதமாக வருகிறவர்களே இல்லை. கிச்சடி வாசனைக்கு முன்னால் என் மணியெல்லாம் எந்த மூலைக்கு? எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, எந்த வகுப்பில் படித்தாலும் எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பது. யாரும் தோற்கவில்லை, இன்னும் பூக்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. உன் அப்பா ரசத்தில் மலர், சாம்பாரில் மொட்டு, துணி மடிப்பதில் இத்தனை வருஷமாக அரும்பு. திட்டங்கள் வரும் போகும். டீச்சரை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைக்கிற திட்டம் எதுவோ அது நல்ல திட்டம் என்பது என் கணக்கு.

இப்போது நீ குரலைத் தாழ்த்திச் சொன்னதற்கு வருகிறேன். வீட்டில் ஒரு டீச்சர் போதும் என்று நீ சொல்வதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது. நீ என் வகுப்பிலேயே படித்தாய். ஸ்கூலில் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். அதில் நீ எவ்வளவு ஊறிப்போனாய் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன் கையைத் தூக்கி, "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரலாமா?" என்றாய். அன்றைக்கு நானும் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்போடு வேறொன்றும் வருகிறது. அதே நேரத்தில் மற்ற பிள்ளைகள் வாய் தவறி என்னை அம்மா என்று கூப்பிடுவார்கள், நான் அதற்கு உருகிப்போவேன். மணி அடிக்கிற முறை உன்னுடையதாக வரும்போதெல்லாம், டீச்சர் பிள்ளை என்பதால் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று அடுத்தவனிடம் கொடுத்தேன். ஊருக்கு நியாயமாக இருக்கிறேன் என்று உனக்கு அநியாயம் செய்தேன். நீ ஒரு நாளும் கேட்கவில்லை. பவித்ராவும் அப்படி உன்னை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளிடம் போய்விடுவாளோ என்று பயப்படுகிறாய். சரிதானே?

ஆனால் உன் அப்பா என்ற ஒரு மனிதர் இருக்கிறார், அவரை நீ கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாணமான புதிதில் எனக்குச் செங்கத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேலை கிடைத்தது. பஸ் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும், அங்கேயே தங்கத்தான் வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம், இந்த வேலை எதற்கு, பேசாமல் விட்டுவிடு என்றார்கள். அப்பாவும் அப்போது அந்தக் கட்சிதான். "ஒரு மாசம் பாரு. அப்புறம் நானே வந்து கூட்டிக்கினு போயிடறேன்" என்றார். சொன்னபடி ஒரு மாதம் கழித்து, டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். வந்தவர் ஸ்கூல் வாசலில் இருந்த அடிபம்பைப் பார்த்தார். ஒரு குடம் தண்ணீருக்குப் பிள்ளைகள் மூன்று பேர் தொங்கவேண்டியிருந்தது. மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிற மனுஷன், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வண்டியிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். சாயங்காலம் வரைக்கும் பம்புக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார். தண்ணீர் குபுகுபு என்று வந்தபோது பிள்ளைகள் அவர்மீதே பீய்ச்சியடித்தார்கள். கூட்டிக்கொண்டு போக வந்தவர், நனைந்த சட்டையோடு தனியாகத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் வருவார். அங்கே அவருக்குப் பம்பு சார் என்று பெயர். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற அந்த ஊர்ப் பையன் ஒருவன், நான் போனால் வாடகை பேசுவான். அப்பா போனால் "பம்பு சார், உக்காருங்க" என்பான். என் சம்பளத்தைவிட அவருக்கு இதில் பெருமை ஜாஸ்தி.

சரி, நீ சொன்ன வேலைக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், நீ சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. புதுசாகக் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைகள், ஒருத்தர் மலைமேலும் ஒருத்தர் சென்னையிலும் இருப்பதா என்று தோன்றியது. ஆனால் வாயால் வேண்டாம் என்று சொன்னால் மாமியார் புத்தி என்று கெட்ட பெயர் வருமே. அதனால் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, "வா பவித்ரா, சேர்றதுக்கு முன்னாடி அந்த ஸ்கூலை ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் பேச வேண்டாம், மலைப்பாதை பேசட்டும் என்பது என் திட்டம். போளூரில் பஸ் மாறி மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. வாந்தி எடுத்தது யார் தெரியுமா? நான். அவள் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சாமை வயலைக் காட்டிக்கொண்டு வந்தாள். திட்டம் அங்கேயே பாதி கவிழ்ந்துவிட்டது.

ஸ்கூல் இரண்டு அறை. ஒரே ஒரு சார், ஐந்து வகுப்புக்கும் அவர்தான். இன்னொரு டீச்சருக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார். நாங்கள் போன நேரம் பார்த்துச் சத்துணவு அரிசி வண்டி, பாதை சரியில்லாமல் கீழேயே நின்றுவிட்டது. "மேடம், கொஞ்ச நேரம் பசங்கள பார்த்துக்குவீங்களா? மூட்டையை எறக்கிட்டு வந்துடறேன்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினார். நான் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். "நீயே கிளாஸ் எடும்மா" என்றேன். இது என் இரண்டாவது திட்டம். ஐந்து வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிப்பது எப்பேர்ப்பட்ட பாடு என்று எனக்குத் தெரியும். அவள் ராத்திரியெல்லாம் கண்விழித்துச் செய்த படங்களைப் பையிலிருந்து எடுத்தாள். எல்லாம் ரயில் படம். இன்ஜின், பெட்டி, ஸ்டேஷன், ஒவ்வொன்றின் கீழும் அழகான எழுத்து. "யாரெல்லாம் ரயில்ல போயிருக்கீங்க?" என்றாள். ஒரு கைகூட உயரவில்லை. அந்த மலையில் ஏது ரயில்? பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது கண்ணா, உன்னிடம் மறைப்பானேன். இன்றைக்குச் சாயங்காலமே உனக்குப் போன் செய்து, அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் படங்களை ஓரமாக வைத்தாள். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். "எனக்கு இந்த ஊர்ல ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் நான் எங்க வூட்டுக்குப் போவணும். எப்படிப் போறது, யாராச்சும் சொல்றீங்களா?" என்றாள். சட்டென்று அத்தனை வாயும் திறந்துகொண்டது. அந்த ஊருக்கு வருகிற பஸ்ஸைப் பற்றிப் பிள்ளைகள் பேசினார்கள் பார், எனக்குக் காது போதவில்லை. எங்கே நிற்கும், எங்கே திரும்பும், டிரைவர் எந்த வளைவில் ஹாரன் அடிப்பார், எல்லாம் தெரிந்திருக்கிறது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண், இரண்டாம் வகுப்பு இருக்கும், எழுந்து பாய்களை இரண்டு வரிசையாக இழுத்துப் போட்டாள். அவள்தான் கண்டக்டராம். யாரும் நியமிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டான். பவித்ரா கரும்பலகையில் ஊர்ப் பெயர்களை எழுத எழுத, பெரியவர்கள் முழுசாகப் படித்தார்கள், சின்னவர்கள் முதல் எழுத்தைக் கண்டுபிடித்துக் கத்தினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் டிக்கெட் எழுதினார்கள். அரும்பும் மொட்டும் மலரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி வகுப்புகளில் நான் நாள் கணக்காக உட்கார்ந்து கேட்ட விஷயத்தை அவள் பத்து நிமிஷத்தில் பாயைப் போட்டு நடத்திவிட்டாள்.

நான் இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பல் விழுந்த கண்டக்டர் என்னிடம் வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "யம்மா, படியில நிக்காதீங்க. ஏறுனா உள்ள வாங்க. இல்லன்னா எறங்கிக்குங்க. வண்டி எடுக்கணும்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். மொத்தப் பஸ்ஸும் எனக்காக நின்றிருந்தது. பவித்ராவும் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட டீச்சரான நான், நல்ல பிள்ளையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஜன்னலோரமாக ஒரு பையனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் மேஜைமேல் இருந்த சாரின் விசிலை எடுத்து ஊதினாள். வளைவு வந்தபோது எல்லோரும் இந்தப் பக்கம் சாய்ந்தோம், அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்தோம். இந்தத் தடவை எனக்கு வாந்தி வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மூட்டையை இறக்கிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்த சாரும் வாசலில் நின்றார். அவருக்கும் அதே உத்தரவு. அவரும் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ரயில் படங்களைப் பைக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். அப்புறம், "அத்தை, என்கிட்ட ஏதோ சொல்லணும்னுதான வந்தீங்க? சொல்லவே இல்லையே" என்றாள். "சீட் கெடச்சிடுச்சு, மறந்துட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "அவரு உங்ககிட்ட பேசினாருன்னு எனக்குத் தெரியும் அத்தை. எனக்குச் சேரணும்னுதான் இருக்கு. எத்தனை வருஷம் பரீட்சை எழுதி வாங்கின வேலை. ஆனா அவரு வேணாம்னு நெனச்சுட்டு வாயால சொல்லாம இருந்தா, அதுதான் பயமா இருக்கு. கல்யாணமே நின்னுடுமோன்னு ராத்திரில தூக்கம் வர்ல" என்றாள். உன்னிடம் இதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவளிடம் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. நடுவில் என்னைத் தூது விட்டிருக்கிறாய். எனக்கு அந்த நேரத்தில் உன்மேல் கோபம் வந்தது. அவள் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். போளூர் வரும் வரைக்கும் தூங்கினாள்.

அதனால் கண்ணா, நீ கொடுத்த வேலையை நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். திங்கட்கிழமை காலை அவள் வேலையில் சேர வேண்டும், முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். நீ பயப்படுகிற மாதிரி அவள் உன்னை மறந்துவிடமாட்டாள். ஆனால் ஒன்று, நான் செய்ததை அவள் செய்யாமலிருக்க நீயும் கூட இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்கள் உனக்கு இருக்கின்றன. சனி ஞாயிறு இருக்கிறது. சில வருஷத்தில் மாறுதல் கலந்தாய்வு வரும். இதையெல்லாம் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இது வேண்டவே வேண்டாம் என்று உன் மனசு சொன்னால், அதையும் அவளிடம் நீயே சொல். வலிக்கும், ஆனாலும் நேராகச் சொல். அப்போதும் நீ என் பிள்ளைதான், இந்த வீட்டில் உனக்கு ரசம் உண்டு. சொல்லாமல் மட்டும் இருக்காதே. அந்த ஸ்கூலில் மணி அடிப்பதற்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் மணியை யார் அடிப்பது என்று சாரிடம் நான் ஒரு பெயர் சொல்லிவைத்திருக்கிறேன். டீச்சர் பிள்ளைக்குச் சலுகை என்று யார் வேண்டுமானாலும் பேசட்டும்.

நீ வராவிட்டால் அந்த இடமும் காலியாக இருக்காது. அங்கே தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து உன் அப்பா ஸ்பேனர் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "அவன் வரானோ இல்லையோ, நான் போறேன்" என்கிறார். பம்பு சார் என்ற பட்டத்தை மலைமேலும் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். உனக்கு என்ன பட்டம் தரலாம் என்று அந்தக் கண்டக்டர் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். படியில் நிற்காதே கண்ணா. ஏறினால் உள்ளே வா, இல்லையென்றால் இறங்கிக்கொள். வண்டி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு, உனக்கு மட்டும் எப்போதும்
அம்மா